திருத்திக்கொள்ளும் துணிவு: உமர் (ரலி) அவர்களின் படை நிர்வாகம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே!



அமீருல் முஃமினீன் உமர் பின் கத்தாப் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் வெற்றிகளையே எண்ணிப் பார்க்கிறோம். யர்மூக், காதிஸிய்யா, பைத்துல் முகத்தஸ், எகிப்து என்று பெயர்களை அடுக்கி மகிழ்கிறோம். ஹிஜ்ரி 13 முதல் 23 வரை, அதாவது கி.பி. 634 முதல் 644 வரை நீடித்த அந்தப் பத்தாண்டுகளில் உலகின் இரு பெரும் வல்லரசுகள் நிலைகுலைந்தன என்பது உண்மையே. ஆயினும் அந்தப் பத்தாண்டுகளுக்குள் எத்தனை தவறுகள் நேர்ந்தன, நல்லெண்ணத்துடன் வகுக்கப்பட்ட எத்தனை விதிகள் எதிர்பாராத் தீங்கை விளைவித்தன, அவற்றையெல்லாம் அந்த மக்கள் எவ்வாறு கண்டறிந்து திருத்தினார்கள் என்பதை நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

இன்றைய மேலாண்மைத் துறையினர் 'தொடர் மேம்பாடு' என்று ஒன்றைப் போற்றுகிறார்கள். ஜப்பானியர் அதனைக் 'கைசென்' என்று அழைக்கிறார்கள். அமெரிக்கத் தரைப்படை 1970களில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. பயிற்சி முடிந்ததும் அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாக அமர்வார்கள். நாம் செய்ய நினைத்தது என்ன, நடந்தது என்ன, ஏன் அவ்வாறு நடந்தது, அடுத்த முறை எவ்வாறு செய்வது என்று தமக்குள் கேட்டுக்கொள்வார்கள். பதவியின் உயரம் பாராமல் குறையைப் பேச வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. பெரிய படைகளுக்கு இது மிகவும் கடினமான பாடம். ஏனெனில், எங்கே கட்டளைக்குக் கீழ்ப்படிதல் முதற்கடமையோ, அங்கே கட்டளையிட்டவரின் தவறை எடுத்துச் சொல்ல எவரும் அஞ்சுவர்.

பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன், மதீனாவில் இருந்துகொண்டு, நெடுந்தொலைவில் இராக்கிலும் ஷாமிலும் நின்ற படைகளைக் கடிதங்களாலேயே நிர்வகித்த ஓர் ஆட்சியாளர் இந்தப் பாடத்தை எவ்வாறு கற்றார்? வாருங்கள், வரலாற்றின் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம்.

பாலத்தில் நேர்ந்த பேரிழப்பு

ஹிஜ்ரி 13ஆம் ஆண்டு. உமர் (ரலி) அவர்கள் கிலாஃபத் பொறுப்பேற்ற தொடக்க காலம். இராக்கிற்குச் சென்ற படைக்கு அபூ உபைத் அஸ்ஸகஃபீ அவர்கள் தளபதி. யூப்ரடீஸ் நதியின் ஒரு கரையில் முஸ்லிம்கள், மறுகரையில் பாரசீகர்கள். நீங்கள் கடந்து வருகிறீர்களா, நாங்கள் கடந்து வரட்டுமா என்று எதிரித் தளபதி கேட்டனுப்பினார். கடக்க வேண்டாம் என்று உடனிருந்த அனுபவசாலிகள் தடுத்தனர். ஆயினும், மரணத்திற்கு அஞ்சாமையில் அவர்கள் நம்மை முந்தக் கூடாது என்ற வீர உணர்வு அபூ உபைதை மேற்கொண்டது. படகுகளை இணைத்துக் கட்டிய பாலத்தின் வழியே படை மறுகரை சேர்ந்தது.

அங்கே இடம் குறுகலாக இருந்தது. எதிரே யானைகள் நின்றன. யானைகளைக் கண்டறியாத அரபுக் குதிரைகள் மிரண்டு சிதறின. அபூ உபைத் யானையின் காலடியில் வீர மரணம் எய்தினார். எவரும் பின்வாங்கிவிடக் கூடாது என்று எண்ணிய ஒருவர் பாலத்தை அறுத்துவிட்டார். பின்னே ஆறு, முன்னே யானை. வாளால் மாண்டவர்களும் வெள்ளத்தில் மூழ்கியவர்களுமாக நான்காயிரம் பேர் என்று தபரீ தமது வரலாற்றில் பதிவு செய்கிறார். முஸன்னா பின் ஹாரிஸா அவர்கள் படுகாயத்துடன் நின்று காவல் காத்து, பாலத்தை மீண்டும் கட்டச் செய்து, எஞ்சியவர்களைக் கரையேற்றினார்.

தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் வெட்கத்தால் தலை குனிந்து, அழுதவண்ணம் மதீனா திரும்பினர். போர்க்களத்தை விட்டு ஓடியோர் என்று உலகம் தூற்றுமே என்ற அச்சம் அவர்களை வாட்டியது. உமர் (ரலி) அவர்களின் கண்டிப்பை அறிந்த நாம் என்ன எதிர்பார்ப்போம்? ஆனால் அவர்கள் அந்த மனிதர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நீங்கள் ஓடிவரவில்லை, உங்கள் அணியாகிய என்னிடமே திரும்பி வந்திருக்கிறீர்கள் என்னும் பொருள்பட ஆறுதல் கூறினார்கள். அபூ உபைத் மீதும் இரக்கமே காட்டினார்கள்.

சகோதரர்களே! மனிதர்களை மன்னித்தவர், அந்த நிகழ்வின் படிப்பினையை மட்டும் விட்டுவிடவில்லை. வெற்றி கிடைக்கும் வரை எந்தப் பாலத்தையும் கடக்கக் கூடாது என்று படைகளுக்குக் கட்டளை சென்றது. பழி மனிதரை விட்டு நீங்கியது. பாடம் விதியாக நிலைத்தது.

வெற்றிக்குப் பின் வந்த ஒப்புதல்

அடுத்து புவைப் என்னுமிடத்தில் முஸன்னாவும் பாரசீகத் தளபதி மிஹ்ரானும் எதிரெதிரே நின்றனர். மீண்டும் அதே ஆறு, அதே பாலம், அதே கேள்வி. இம்முறை முஸன்னா, நீங்களே கடந்து வாருங்கள் என்று விடை சொன்னார். பாரசீகர்கள் கடந்து வந்தனர். போரில் அவர்கள் முறியடிக்கப்பட்டு ஓடத் தொடங்கியபோது, முஸன்னா முந்திச் சென்று பாலத்தை அறுத்தார். திரும்ப வழியின்றி எதிரிகள் பெருமளவில் மடிந்தனர்.

வெற்றி மகத்தானது. எவராயினும் பெருமையடித்துக்கொள்ளும் தருணம் அது. ஆனால் முஸன்னா பிறகு தம் மக்களிடம் தெரிவித்தது வேறு. பாலத்தை அறுத்தது தமது பிழை, அதன் தீங்கிலிருந்து இறைவனே காத்தான், இதில் எவரும் தம்மைப் பின்பற்ற வேண்டாம், தப்பிக்க வழியில்லாதவர்களை அவ்வாறு நெருக்குவது முறையல்ல என்னும் கருத்தை அவர் வெளிப்படையாகக் கூறியதாகத் தபரீ எழுதுகிறார். தோல்வியில் குறை காண்பது எளிது. வெற்றியின் நடுவே தன் குறையைத் தானே கண்டு, கீழிருப்போர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பாலத்துப் போரில் பட்ட காயம் ஆறாமலேயே முஸன்னா இறந்தார். இறக்குமுன் தமக்குப் பின் வரவிருந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு ஓர் அறிவுரையை விட்டுச் சென்றார். பாரசீகத்தின் உள்நாட்டில் நுழைந்து போரிடாமல், அரபு மண்ணின் ஓரத்தில், பாலைவனம் பின்புறம் இருக்கும்படி நின்று போரிடுக என்பதே அது. மதீனாவிலிருந்து உமர் (ரலி) அவர்கள் எழுதியனுப்பிய ஆலோசனையும் அதுவாகவே இருந்தது. ஒரு தளபதியின் மரணத்தோடு அவரது அனுபவமும் மண்ணுக்குள் போய்விடாமல், அடுத்தவரின் கையில் சேர்ந்தது.

மூன்று நாட்களில் கற்ற பாடம்

காதிஸிய்யாவுக்குப் படை சென்றபோது, அந்த இடத்தை நான் நேரில் காண்பதுபோல எழுதுங்கள் என்று ஸஅத் (ரலி) அவர்களை உமர் (ரலி) அவர்கள் பணித்தார்கள். நிலம், நீர், எதிரியின் நிலை அனைத்தும் கடிதத்தில் வந்தன. அறியாமல் ஆணையிடுவதை அவர்கள் விரும்பவில்லை.

போரின் முதல் நாள் யானைகள் மீண்டும் குதிரைகளைக் கலைத்தன. வீரர்கள் நெருங்கிச் சென்று அம்பாரிகளைக் கட்டியிருந்த வார்களை அறுத்தனர். அம்பாரிகள் சரிந்து விழுந்தன. மறுநாள் யானைகள் களத்திற்கு வரவில்லை. அன்று ஷாமிலிருந்து வந்து சேர்ந்த கஃகாஃ பின் அம்ர் அவர்களின் ஆட்கள் ஒட்டகங்களுக்குத் துணி போர்த்தி விநோத உருவாக்கி ஓட்டினர். இப்போது மிரண்டவை பாரசீகக் குதிரைகள். மூன்றாம் நாள் யானைகள் திரும்பி வந்தன. ஸஅத் (ரலி) அவர்கள் தம் படையில் இருந்த, இஸ்லாத்தை ஏற்றிருந்த பாரசீகர்களை அழைத்து, யானையின் வலுவற்ற இடம் எது என்று கேட்டார்கள். கண்களும் துதிக்கையும் என்று விடை கிடைத்தது. அன்றே முன்னணி யானைகள் வீழ்த்தப்பட்டன. மற்றவை தம் படையையே மிதித்துக்கொண்டு ஓடின.

ஒரு மாபெரும் படையின் தளபதி, நேற்றுவரை எதிரணியைச் சேர்ந்த சாதாரண மனிதர்களிடம், எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டதை எண்ணிப் பாருங்கள். பாலத்துப் போரில் பல உயிர்களைக் குடித்த ஆபத்துக்கு அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது.

நலிந்த உடல்களும் கூஃபா நகரமும்

ஹிஜ்ரி 16இல் பாரசீகத் தலைநகர் மதாயின் வசமானது. வீரர்கள் அங்கேயே தங்கினர். மாளிகைகளும் தோட்டங்களும் நிறைந்த ஊர். ஆனால் சில காலத்தில் மதீனாவுக்கு வந்த தூதர்களின் முகத்தைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் திடுக்கிட்டார்கள். நிறம் மாறியிருந்தது, உடல் நலிந்திருந்தது. காரணம் என்ன என்று விசாரித்து எழுதினார்கள். அந்த மண்ணின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது. ஒட்டகத்திற்கு ஒத்துக்கொள்ளும் இடமே அந்த மக்களுக்கும் ஒத்துக்கொள்ளும், அத்தகைய இடத்தைத் தேடுங்கள், எனக்கும் உங்களுக்கும் இடையே ஆறும் பாலமும் குறுக்கிட வேண்டாம் என்று ஆணை பிறந்தது. பாலத்துப் போரின் படிப்பினை இங்கும் தொடர்வதைக் கவனியுங்கள்.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி), ஹுதைஃபா (ரலி) ஆகிய இருவரும் ஆற்றங்கரைகளில் அலைந்து தேர்ந்தெடுத்த இடமே கூஃபா. ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) அந்நகரம் எழுந்தது. முதலில் நாணற்புல் குடிசைகளே அமைந்தன. தீ விபத்து ஒன்று அவற்றைச் சாம்பலாக்கியது. சுட்டது போதும், செங்கல்லால் கட்டிக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று மக்கள் கேட்டனர். அனுமதி கிடைத்தது, மூன்று அறைகளுக்கு மேல் கூடாது, உயரத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடக் கூடாது என்ற வரம்பும் சேர்ந்து வந்தது. பெரிய வீதிகள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என்று அளவுகள் வகுக்கப்பட்டன. நோய் ஒரு விதியைத் தந்தது. நெருப்பு அதைத் திருத்தியது.

பதிவேடு பிறந்த கதை

படை பெருகியது, வருவாயும் பெருகியது. பஹ்ரைனிலிருந்து அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் ஐந்து லட்சம் திர்ஹம்களுடன் வந்தபோது, அந்தத் தொகையை உமர் (ரலி) அவர்களால் நம்பவே இயலவில்லை. களைப்பில் பேசுகிறீர், போய் உறங்கிவிட்டுக் காலையில் வாரும் என்று அனுப்பிவைத்தார்கள். காலையிலும் அதே எண் சொல்லப்பட்டபோது மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள்.

அவ்வப்போது வருவதை அவ்வப்போதே பங்கிட்டுவிடலாம் என்பது அலீ (ரலி) அவர்களின் கருத்து. ஷாம் நாட்டு மன்னர்கள் பதிவேடு வைத்துப் படையை ஒழுங்குபடுத்துவதைத் தாம் கண்டதாக வேறொருவர் தெரிவித்தார். அயலாரின் வழக்கம் என்று அது ஒதுக்கப்படவில்லை. 'தீவான்' என்னும் பதிவேடு ஏற்பட்டது. ஹிஜ்ரி 20இல் (கி.பி. 641) இது நிகழ்ந்ததாகப் பலாதுரீ குறிப்பிடுகிறார். வமிசாவளி அறிந்த அகீல் பின் அபீ தாலிப், மக்ரமா பின் நவ்ஃபல், ஜுபைர் பின் முத்இம் ஆகிய மூவரும் பெயர்களை எழுதினர். நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தாரை அடுத்து அபூபக்ர் (ரலி) அவர்களின் குலத்தையும், அதற்கடுத்து உமர் (ரலி) அவர்களின் குலத்தையும் வைத்தனர். நபியவர்களுக்கு உறவில் நெருங்கியவர்களை வரிசைப்படி எழுதுங்கள், உமரை அவருக்குரிய இடத்தில் வையுங்கள் என்று கலீஃபா அவர்கள் அதைத் திருத்தச் செய்தார்கள். பத்ரில் கலந்துகொண்டோருக்கு ஆண்டுக்கு 5000 திர்ஹம் என்று தொடங்கி, பிந்தி வந்தோருக்குப் படிப்படியாகக் குறைந்த தொகை நிர்ணயமானது. வீரரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியே மானியம் உண்டு. பால்குடி மறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 100 திர்ஹம் என்பது விதி.

நள்ளிரவில் அழுத குழந்தை

அன்புத் தாய்மார்களே! இந்த இடத்தில் சற்று நின்று கேளுங்கள்.

ஓர் இரவு வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் எல்லையில் தங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் அவர்களுக்குக் காவல் இருந்தனர். ஒரு குழந்தை அழுதது. கலீஃபா அவர்கள் தாயிடம் சென்று, குழந்தையைக் கவனியம்மா என்றார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் சென்றார்கள். விடியும் நேரத்தில் மூன்றாம் முறையாக அழுகுரல் எழுந்தபோது, நீ என்ன தாய், இரவெல்லாம் உன் பிள்ளை ஏன் அமைதியின்றித் தவிக்கிறது என்று கடிந்தார்கள். எதிரே நிற்பவர் யாரென்று அறியாத அந்தப் பெண், பால்குடியை மறக்கச் செய்கிறேன், பிள்ளை மறுக்கிறது என்றாள். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டார்கள். பால்குடி மறந்த குழந்தைக்குத்தானே உமர் மானியம் தருகிறார் என்று விடை வந்தது.

வாசகர்களே, அந்த விதியில் தீய எண்ணம் ஏதுமில்லை. குழந்தைகளுக்கு உதவவே அது வகுக்கப்பட்டது. ஆனால் அந்த 100 திர்ஹமுக்காகத் தாய்மார்கள் காலம் வருமுன்னே பாலை நிறுத்தினர். பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. ஏட்டில் தெரியாத தீங்கு இருளில் அழுதுகொண்டிருந்தது.

அன்று அவர்கள் நடத்திய ஃபஜ்ர் தொழுகையில், அழுகையின் மிகுதியால் ஓதுவது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். முஸ்லிம்களின் எத்தனை குழந்தைகள் தம்மால் மாண்டனவோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். அந்தத் தாயைக் குறை கூறவில்லை. எழுதியவர்களைக் குறை கூறவில்லை. தொழுகை முடிந்ததும் அறிவிப்பாளரை அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுப் பாலை நிறுத்தாதீர்கள், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே மானியம் உண்டு என்று முழங்கச் செய்தார்கள். எல்லா மாகாணங்களுக்கும் கடிதம் பறந்தது. இரவில் கண்ட குறை, பொழுது விடிந்ததும் திருத்தம் ஆயிற்று.

இதுபோலவே மற்றோர் இரவில், போர்முனை சென்ற கணவனின் நெடும் பிரிவை எண்ணி ஒரு பெண் புலம்புவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் பிரிவைத் தாங்குவாள் என்று கூச்சத்தை விட்டுக் கேட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்கு மேல் எந்த வீரரையும் களத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று தளபதிகளுக்கு ஆணை சென்றது. படையின் நலன் வீரனின் வாளோடு முடிவதில்லை, அவன் வீட்டு அடுப்பங்கரை வரை நீள்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நீக்கமும் கண்ணியமும்

கூஃபாவாசிகள் தம் ஆளுநரான ஸஅத் (ரலி) அவர்கள் மீது குறை கூறினர். காதிஸிய்யாவை வென்றவர் என்பதற்காக அந்தப் புகார் தள்ளப்படவில்லை. முஹம்மத் பின் மஸ்லமா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஆளுநரையும் உடன் அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் பள்ளிவாசலாகச் சென்று, மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக விசாரித்தார்கள். பெரும்பாலோர் நல்லதே கூறினர். ஆயினும் நிர்வாகத்தின் அமைதி கருதி ஸஅத் (ரலி) அவர்கள் மாற்றப்பட்டார்கள். பின்னர் மரணப் படுக்கையில், அடுத்த கலீஃபாவைத் தேர்வு செய்யும் ஆறு பேரில் ஒருவராக அவரையே உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அவரை நீக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். ஓர் ஏற்பாட்டை மாற்றுவதும் ஒரு மனிதரை இழிவுபடுத்துவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முற்றுப் பெறாத திருத்தம்

தம் படைப்பான தீவானையும் அவர்கள் குறையற்றதாகக் கருதவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் எல்லோருக்கும் சமமாகவே பங்கிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் முந்தியோருக்கு அதிகம் என்று ஏற்றத்தாழ்வு வைத்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல செல்வம் பெருகுவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு வரை உயிர் வாழ்ந்தால் கடைசியில் இருப்போரை முதலில் இருப்போரோடு சமமாக்குவேன் என்னும் கருத்தை அவர்கள் வெளியிட்டதாக வரலாற்று ஏடுகள் கூறுகின்றன.

மற்றோர் எண்ணமும் இருந்தது. மக்களின் தேவைகள் பல தம்மை வந்தடைவதில்லை. ஆளுநர்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. எளியோரால் மதீனா வரை வர இயல்வதில்லை. ஆகவே ஓராண்டு முழுவதும் பயணம் செய்து, ஷாம், எகிப்து, பஹ்ரைன், கூஃபா, பஸ்ரா என ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மாதம் தங்கி நேரில் கேட்டறிய வேண்டும் என்று திட்டமிட்டார்கள். ஹிஜ்ரி 23இன் இறுதியில், ஃபஜ்ர் தொழுகையில் விழுந்த கத்திக்குத்து இரண்டு எண்ணங்களையும் நிறைவேறாமல் செய்துவிட்டது.

நமது இல்லங்களில்

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! நாம் எவரும் படைகளை நடத்துவதில்லை. ஆனால் விதிகளை நடத்துகிறோம். வீட்டில் பிள்ளைகளுக்கு, கடையில் ஊழியர்களுக்கு, மத்ரஸாவில் மாணவர்களுக்கு, மஹல்லாவில் ஏழைகளுக்கு என எத்தனையோ விதிகளை நல்ல எண்ணத்தோடே வகுத்து வைத்திருக்கிறோம். அவற்றால் எங்கேனும் ஒரு குழந்தை அழுகிறதா என்று என்றேனும் நடந்து சென்று கேட்டிருக்கிறோமா? ஸகாத் உதவி பெற வரும் விதவையை எத்தனை முறை அலைய வைக்கிறோம்? மதிப்பெண்ணுக்கு மட்டும் பரிசு தந்து, பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டோமா? குறையை எடுத்துச் சொன்னவரைப் பகைவராக்கி, குறையை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறோமா?

உமர் (ரலி) அவர்களிடம் அந்தத் தாய் உண்மையைச் சொன்னாள். ஏனெனில் எதிரே நிற்பவர் கலீஃபா என்று அவளுக்குத் தெரியாது. நாம் இன்னார் என்று தெரிந்த பிறகும், நம் வீட்டாரும் நம் கீழ் உழைப்போரும் அஞ்சாமல் உண்மை சொல்லும்படி நாம் நடந்துகொள்கிறோமா? இந்தக் கேள்வியை இன்றிரவே நம் வீடுகளில் கேட்போம். விடை கசந்தாலும், அந்த ஃபஜ்ருக்குப் பின் நிகழ்ந்ததுபோல, பொழுது விடியும்போது ஒரு விதியையேனும் மாற்றியிருப்போம்.

தவறை ஒப்புக்கொள்ளும் பணிவையும், அதைத் தாமதமின்றித் திருத்திக்கொள்ளும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.